தேரி மணலில் மறைந்த தண்டவாளம்

உடன்குடியில் எங்கள் பாட்டனார் வீட்டின் பின்கட்டில் ஒரு கிணறு இருந்தது. அதன் இருபுறச் சுவர்களின் மேல், கப்பி கட்டித் தொங்கவிடுவதற்காக ஓர் இரும்பு உத்திரம் கிடத்தப்பட்டிருந்தது. உச்சியில் உருண்டு, இடையில் மெலிந்து, அடியில் பரந்த அந்த இரும்பின் வடிவம் வேறெந்த வீட்டு உத்திரத்துக்கும் இல்லை. ‘இது என்ன இரும்பு?’ என்று சிறுவயதில் நான் கேட்டதற்கு, ‘ரயிலு ஓடின தண்டவாளம்ல இது! நம்ம ஊரு கருப்பட்டி ரயிலு’ என்றார்கள் அப்பா. எங்கள் குடும்பத்தில் தந்தையார் வாப்பா, பாட்டனார்தாம் அப்பா. உடன்குடிக்கு ரயில் ஏது என்று நான் சிரித்தேன். நான் அறிந்த ரயில் திருச்செந்தூரோடு நின்றுவிடும். அதற்குத் தெற்கே பேருந்துதான்.

அப்பா சொன்னது பொய்யன்று. குலசேகரன்பட்டினத்தில் பாரி நிறுவனத்தார் பனையின் இனிப்பிலிருந்து சர்க்கரை எடுக்கும் ஆலையொன்றை நடத்தினர். அவ்வாலையின் தேவையை முன்னிட்டு 1910களில் எழுந்ததே குலசேகரன்பட்டினம் இலகு ரயில்பாதை. திசையன்விளையில் தொடங்கி, உடன்குடியையும் குலசேகரன்பட்டினத்தையும் தொட்டு, கடலோரமாகத் திருச்செந்தூர் வரை 40 கிலோமீட்டருக்கும் மேல் அது நீண்டு கிடந்தது. இரண்டு தண்டவாளங்களுக்கும் இடைப்பட்ட அகலம் 2 அடி மட்டுமே. சரக்கோடு மக்களும் அதில் ஏறிச் சென்றனர். 1940இல் அதன் ஓட்டம் முடிந்தது. ஏறத்தாழ கால் நூற்றாண்டு ஓடிய ஒரு ரயில், அது ஓடிய ஊரின் பேரனுக்கே நகைப்புக்கு உரியதாகிவிட்டது. இந்த மறதியைப் பற்றித்தான் இம்மலரில் எழுத விரும்புகிறேன்.

இரண்டடிப் பாதை என்றவுடன் அதை ஒரு விளையாட்டு வண்டியாக எண்ணிவிடக் கூடாது. தொழில்களின் வரலாற்றில் இத்தகைய சிறு பாதைகளுக்குப் பெரிய இடம் உண்டு. பிரான்சு நாட்டில் டெக்கோவில் என்பவர் 1870களில், தம் வயலில் விளைந்த சர்க்கரைக் கிழங்கைச் சேற்றிலிருந்து வெளியே கொண்டுவர வழி தெரியாமல், ஆட்களே தூக்கி வைத்து இணைத்துக்கொள்ளக்கூடிய இலேசான தண்டவாளங்களைச் செய்வித்தார். அம்முறை பின்னர் உலகெங்கும் பரவிற்று. கரும்புத் தோட்டம், சுரங்கம், தேயிலை மலை, செங்கற்சூளை ஆகிய எங்கும் இத்தகைய பாதைகள் புகுந்தன. செங்கல் செய்யும் இடங்களில் களிமண் தோண்டும் பள்ளம் ஆண்டுதோறும் நகர்ந்துகொண்டே போகும், சூளையோ நகராது. பள்ளத்துக்கும் சூளைக்கும் இடையே நீண்டுகொண்டே போகும் தொலைவை மாட்டு வண்டியால் ஈடுசெய்ய முடியாத நிலையில், பள்ளத்தைப் பின்தொடர்ந்து தாமும் நகரும் தண்டவாளங்கள் கைகொடுத்தன. எடை குறைவு, வளைவுகளில் எளிதாகத் திரும்பும், செலவும் சிறிது. ஆகவே மண்ணையும் மணலையும் கிழங்கையும் சுமக்கும் ஏழைத் தொழில்களுக்கு இரண்டடிப் பாதையே உற்ற துணையாயிற்று.

நம் பகுதியின் இடர் சேறன்று, மணல். திருச்செந்தூர், சாத்தான்குளம் வட்டாரங்களின் செந்நிறத் தேரியைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் வேண்டியதில்லை. பாராதவர்களுக்காக ஒன்று சொல்லலாம்: ஆனி, ஆடி மாதங்களில் மேல்காற்று எழுந்தால் அம்மணல் குன்று குன்றாக இடம்பெயரும். நேற்று நடந்த தடம் இன்று இராது. சக்கரம் புதையும் அந்த நிலத்தில் பாரம் ஏற்றிய வண்டியை இழுத்த மாடுகள் பட்ட பாடு சொல்லி மாளாது. அத்தகைய நிலத்தில்தான் பனை செழிக்கிறது. சரக்கு விளையும் இடமும் வண்டி போக முடியாத இடமும் ஒன்றாக இருந்தன என்பதே இந்த ரயிலின் பிறப்புக்குக் காரணம் என்று சுருக்கமாகக் கூறலாம்.

பனைத்தொழிலின் இயல்பை இன்றைய மாணவர்களுக்குச் சற்று விரித்துரைக்க வேண்டியிருக்கிறது. தை, மாசியில் பாளை வெளிவரத் தொடங்கியதும் தொழில் தொடங்கும். பனையேறி காலில் தளைநாரும், இடுப்பில் அருவாப்பெட்டியும், கையில் முருக்குத்தடியுமாக, ஒரு நாளைக்கு முப்பது, நாற்பது மரங்களில் ஏறி இறங்குவார். அதுவும் காலை, மாலை என இருமுறை. பாளையைக் கடிப்பால் நெரித்து, நுனியைச் சீவி, உட்புறம் சுண்ணாம்பு தடவிய கலயத்தைக் கட்டுவார். சுண்ணாம்பு இல்லையேல் வடிவது புளித்துக் கள்ளாகும், இருந்தால் பதநீர். இறக்கிய பதநீரை விடிலியில் வைத்துக் காய்ச்சுவது பெண்கள் வேலை. ஓலையும் சருகும் இட்டு எரித்து, பதம் பார்த்து, சிரட்டையில் வார்த்தால் கருப்பட்டி. சித்திரை வெயிலில் ஓலைக் குடிசைக்குள் அடுப்பின் முன் ஒரு நாழிகை உட்கார்ந்து பார்த்தவர்கள், அதன் பிறகு கருப்பட்டிக் காப்பியை வேறு விதமாகக் குடிப்பார்கள்.

இவ்வளவு பாடுபட்டு விளைந்த இனிப்பைச் சிறு எஞ்சின்கள் இழுத்துச் சென்றன. 1923இல் திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூருக்கு மீட்டர் பாதை வந்தது. அதனோடு சிறு பாதைக்கு ஒரு புதிய பயனும் ஒரு புதிய தொல்லையும் வந்தன. திசையன்விளையில் ஏறியவர் திருச்செந்தூரில் இறங்கி, அடுத்த ரயிலில் திருநெல்வேலி போகலாம், இது பயன். ஆனால் 2 அடிப் பெட்டி மீட்டர் பாதையில் ஏறாது, ஒவ்வொரு மூட்டையையும் ஆள் வைத்து இறக்கி, மறுபடி ஏற்ற வேண்டும், இது தொல்லை. சரக்குக்கு ஒருமுறை கூலி கொடுப்பவனுக்கும் இருமுறை கொடுப்பவனுக்கும் உள்ள வேறுபாட்டை வணிகர் வீட்டில் பிறந்த எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அப்பால் 1930கள் வந்தன. சாலைகளில் பேருந்துகள் ஓடத் தொடங்கின. 1932இல் இந்தியச் சர்க்கரைத் தொழிலுக்குப் பாதுகாப்பளிக்கும் சட்டம் நிறைவேறியதும் நாடெங்கும் கரும்பாலைகள் பெருகின. ஆயிரம் விடிலிகளில் சிறுகச் சிறுக விளையும் பனஞ்சர்க்கரை, ஒரே வயலில் ஏக்கர் ஏக்கராக விளையும் கரும்போடு எப்படிப் போட்டியிடும்? ஆலைக்காகப் பிறந்த பாதை ஆலையின் காலத்தோடு முடிந்தது. மூணாற்றில் 1908இல் அமைந்த குண்டளைப் பள்ளத்தாக்கு ரயிலும் இதே இரண்டடிப் பாதைதான். 1924ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் அதை அடித்துச் சென்றது. இன்றும் மூணாறு போகிறவர்களுக்கு அக்கதை சொல்லப்படுகிறது. வெள்ளத்தில் போன ரயிலுக்குக் கதை உண்டு. நட்டக் கணக்கில் போன ரயிலுக்குக் கதை இல்லை. நம் ரயில் ஓசையின்றி நின்றதே அது மறக்கப்பட்டதற்கு முதற் காரணம் என்பது என் கருத்து.

இரண்டாவது காரணம் நாம். ‘நாம்’ என்று பொதுமைப்படுத்துவதைவிட ‘நான்’ என்று சொல்வதே நேர்மை.

அப்பா 2003இல் காலமானார்கள். அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகள் நான் எம்.பில். ஆய்வுக்காகச் சீறாப்புராணத்தின் நாட்டுப் படலத்தில் மூழ்கியிருந்தேன். அரபு நாட்டின் மணலைத் தமிழ்ப் புலவர் எவ்வாறு மருத நிலமாக மாற்றி வருணிக்கிறார் என்பது என் ஆய்வு. விடுமுறைக்கு ஊருக்கு வந்தால் திண்ணையில் குறிப்பட்டைகளைப் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அப்பா அருகில் வந்து அமர்வார்கள். ‘அந்தக் காலத்துல தேரிக்குள்ள ரயிலு வரும்போது...’ என்று தொடங்குவார்கள். நான் தலையை ஆட்டிக்கொண்டே அடுத்த அட்டையை எடுப்பேன். ஐந்நூறுக்கும் மேற்பட்ட குறிப்பட்டைகள் என்னிடம் இன்றும் இருக்கின்றன. அவற்றுள் ஒன்றிலேனும் அப்பா சொன்ன ஒரு வாக்கியம் இல்லை. கண்ணெதிரே இருந்த தேரியை விட்டுவிட்டுக் காவியத்துப் பாலையைத் தேடிக்கொண்டிருந்தேன்.

2009இல் வீட்டைப் பழுது பார்த்தபோது கிணற்றுக்கு மின்மோட்டார் வைத்து மூடி போட்டோம். உத்திரம் தேவையற்றதாயிற்று. பழைய இரும்பு எடுப்பவர் வந்து, தராசில் ஏற்றி, எடைக்கு விலை பேசி வாங்கிச் சென்றார். பேரம் பேசியவன் நானே. கிலோவுக்கு ஒரு ரூபாய் கூட்டி வாங்கினேன் என்ற மகிழ்ச்சியும் அன்று இருந்தது.

அப்பா சொன்னவற்றுள் மனத்தில் தங்கியவை சிலவே. எஞ்சின் ஊதினால் ஆடுகள் மிரண்டு ஓடும் என்பது ஒன்று. மேல்காற்றுக் காலத்தில் தண்டவாளத்தை மணல் மூடிவிடும். ஆட்கள் மண்வெட்டியோடு முன்னே சென்று தள்ளினால்தான் வண்டி நகரும் என்பது மற்றொன்று. தம் தகப்பனாரின் கருப்பட்டிக் கடைக்கு வந்த ஓலைக் கொட்டான்களின் மணம் பெட்டி முழுவதும் வீசும் என்பார்கள். ‘சண்டைக்கு இரும்பு வேணும்னு வெள்ளைக்காரன் தண்டவாளத்தைப் பேத்துக்கிட்டுப் போயிட்டான்’ என்றும் சொல்வார்கள். போர் 1939இல் தொடங்கியது. பாதை 1940இல் முடிந்தது. காலம் ஒத்துவருகிறது. ஆனால் காலம் ஒத்துவருவது மட்டுமே சான்றாகிவிடாது. எல்லா இரும்பும் போருக்குப் போயிருந்தால் எங்கள் கிணற்றுக்கு ஒரு துண்டு எப்படி வந்தது என்று அன்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.

இன்னொரு செய்தி இதைவிடச் சிந்தனைக்குரியது. 1942 செப்டம்பரில் குலசேகரன்பட்டினத்தில் நடந்ததை நம் பகுதியார் அறிவர். விடுதலைப் போராட்ட வீரர்கள் உப்பளத்தில் புகுந்தனர். லோன் என்னும் வெள்ளை அதிகாரி கொல்லப்பட்டார். காசிராஜன், ராஜகோபாலன் ஆகிய இருவருக்கும் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டுப் பின்னர் குறைக்கப்பட்டது. அந்நிகழ்ச்சியைச் சொல்லும்போது அப்பா, ‘போலீசெல்லாம் கருப்பட்டி ரயில்லதான் வந்து இறங்குனான்’ என்பார்கள். அவர்கள் கண்ணில் அந்தக் காட்சி அப்படியே நின்றது. ஆனால் ரயில் அதற்கு ஈராண்டுகள் முன்னரே நின்றுவிட்டது!

இதனால் அப்பா பொய் சொன்னார்கள் என்று ஆகாது. பதினான்கு வயதில் கண்ட ரயிலும் பதினாறு வயதில் கண்ட போலீசும் அவர்கள் நெஞ்சில் அருகருகே கிடந்தன. அறுபது ஆண்டுகளில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. நினைவு அப்படித்தான் வேலை செய்யும். சிலர் இதைக் காட்டி, ‘வாய்மொழியை நம்பி வரலாறு எழுத முடியாது’ என்பர். நான் அதற்கு உடன்படேன். பாதை முடிந்த ஆண்டு ஏட்டில் கிடைக்கும். ஊர் மக்கள் நெஞ்சில் அந்த ரயில் அச்சத்தோடும் காவலரோடும் இணைந்து கிடந்தது என்பது எந்த ஏட்டிலும் கிடைக்காது. பிழையான நினைவும் ஒன்றைச் சொல்கிறது. அது எதைச் சொல்கிறது என்று கேட்கத் தெரிய வேண்டும்.

இதுவரை எழுதியது எங்கள் வீட்டு ரயில். வேறொரு ரயிலும் உண்டு என்பதை எனக்குக் கற்பித்தவர் என் மாணவர் ஒருவரின் பாட்டியார். பனையேறிக் குடும்பத்தவர், வயது எண்பத்தைந்தைக் கடந்தவர். வகுப்பில் ஒருநாள் நான் இந்த ரயிலைப் பற்றிப் பெருமையாகப் பேச, அம்மாணவர், ‘ஐயா, எங்க பாட்டியும் சொல்லுவாங்க’ என்றார். அடுத்த ஞாயிறு நாங்கள் இருவரும் போனோம். ரயிலில் போன அனுபவத்தை அவர் தாயார் சொல்லியிருக்கிறாரா என்று கேட்டேன். பாட்டியார் என்னை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார்.

‘ரயிலு எங்களுக்கு எங்க வாத்தியாரே? சரக்கு ஏறிப் போச்சு. எங்கம்ம கடகத்தத் தலையில வச்சு ரயிலடி வரைக்கும் நடந்து போவா, நடந்தே வருவா. கால்ல மணலு சுடும்னு ஓலை மட்டையக் கட்டிக்கிட்டுப் போவாளாம். டிக்கட்டுக்குத் துட்டு இருந்தா ஒரு நேரக் கஞ்சிக்கு ஆகுமே!’

நான் பேசாதிருந்தேன். அவர் நிறுத்தவில்லை. ‘ஒங்க ஆளுக கடையிலதான் எடை போடுவாக. ஈரக் கழிவுன்னு ஒண்ணு, கொட்டான் கழிவுன்னு ஒண்ணு. கழிச்சுக் கழிச்சு மிச்சம் எங்க கைக்கு வரும். முன்பணம் வாங்கியிருந்தா அதுவும் வராது’ என்றார். பிறகு, வீட்டுக்கு வந்தவனிடம் கடுமையாகப் பேசிவிட்டோமோ என்று நினைத்தார் போலும்; ‘நீங்க என்ன செய்வீக, அது அந்தக் காலம்’ என்று சொல்லிப் பேரனைப் பதநீர் வாங்கி வரச் சொன்னார்.

என் பாட்டனாரின் தகப்பனார் கடையும் அந்தக் கடைகளுள் ஒன்றாக இருந்திருக்கலாம். அப்பாவின் நினைவில் பெட்டி நிறைய மணம் வீசிய கருப்பட்டி, பாட்டியாரின் நினைவில் கழிவு போக மிஞ்சிய காசு. ஒரே ரயில்தான். ஒருவர் பெட்டிக்குள் இருந்து பார்த்தார். மற்றவர் மணலில் நின்று பார்த்தார். ஆலைக்குப் போனது கருப்பட்டி மூட்டை என்றார்கள் அப்பா. பதநீரையே கொண்டுபோனார்கள் என்று தம் தாயார் சொன்னதாகப் பாட்டியார் சொல்கிறார். இரண்டும் வெவ்வேறு காலத்தில் உண்மையாக இருக்கலாம்; கடைக்காரர் கண்ணில் மூட்டையும் காய்ச்சியவர் கண்ணில் பதநீரும் பட்டிருக்கலாம். இதை ஒப்பிட்டுத் தீர்க்க இன்னும் பத்துப் பேரையாவது கேட்க வேண்டும். அந்தப் பத்துப் பேர் எங்கே?

1940இல் பத்து வயதுச் சிறுவராக இருந்தவர் 2025இல் 95 வயதை எட்டியிருப்பார். கண்டவர்கள் ஏறத்தாழப் போய்விட்டனர். கண்டவர் வாயிலாகக் கேட்டவர்கள் இருக்கிறார்கள், அவர்களும் முதியவர்கள். பேத்தி, பேரர்களுக்கு இந்த ரயில் இன்னும் ஒரு தலைமுறை தாண்டினால் வெறும் வதந்தி. ஆகவே நம் தமிழ்த்துறைக்கு ஒரு வேண்டுகோளை வைக்கிறேன்.

பிற நாடுகளில் இத்தகைய பாதைகளை எப்படிப் போற்றுகிறார்கள் என்பதை எடுத்துக்காட்டுவது வழக்கம். ஜெர்மனியில் பெர்லினுக்கு வடக்கே மில்டன்பெர்க் என்னும் இடத்தில் பழைய செங்கற்சூளைகளை அருங்காட்சியகமாக்கி, களிமண் சுமந்த சிறு பாதையில் பார்வையாளரை ஏற்றிச் செல்கின்றனர். இங்கிலாந்தில் லெய்ட்டன் பஸ்ஸார்டு என்னும் ஊரில், மணல் ஏற்றுவதற்காக 1919இல் போட்ட இரண்டடிப் பாதையை 1960களின் இறுதி தொட்டுத் தன்னார்வலர்கள் ஓட்டி வருகின்றனர். நல்லதுதான். ஆனால் அங்குப் பாதை எஞ்சியிருந்தது. இங்கோ இரும்பு போயிற்று. அதில் ஒரு துண்டை நானே விற்றேன். எஞ்சின் ஓட்டிக் காட்ட நம்மிடம் பணமும் இல்லை. நம்மிடம் இருப்பவை நோட்டும் பேனாவும், கைபேசியில் ஓர் ஒலிப்பதிவுப் பொத்தானும், ஞாயிற்றுக்கிழமைதோறும் ஊருக்குப் போகும் மாணவர்களும்தாம். ஒரு தமிழ்த்துறைக்கு இவை போதும்.

நெல்லைச் சீமைக்கு இப்பணி புதிதன்று. பேராசிரியர் நா. வானமாமலை பாளையங்கோட்டையில் இருந்துகொண்டு நாட்டுப்பாடல்களைத் திரட்டினார். கி. ராஜநாராயணன் 1982இல் கரிசல் வட்டாரச் சொற்களுக்கு அகராதி செய்தார். ஆ. சிவசுப்பிரமணியன் பனையைப் பற்றித் தனி நூலே எழுதியிருக்கிறார். அவர்கள் காட்டிய வழியில் நம் மாணவர்கள் முதுகலை ஆய்வேட்டுக்குத் தேரி ஊர்களை எடுத்துக்கொள்ளலாம். ஆண்டுதோறும் ஒரே புதினத்தின் பாத்திரப் படைப்பை ஆறு பேர் ஆராயும் கொடுமையும் அதனால் குறையும்.

செய்முறையில் மூன்றில் நான் பிடிவாதமாக இருப்பேன். கேட்டவரின் வயது, தொழில், ஊர் ஆகியவற்றோடு, சொல்லும் செய்தி அவர் கண்டதா, பிறர் சொல்லக் கேட்டதா, யார் சொல்லக் கேட்டது என்பதையும் தவறாமல் குறிக்க வேண்டும். அடுத்து, கடை வைத்திருந்தோர் வீட்டில் ஒருவரிடம் கேட்டால், பனையேறியோர் வீட்டில் இருவரிடமும் விடிலியில் காய்ச்சிய பெண்ணொருத்தியிடமும் கேட்க வேண்டும். பேச்சுக்கு வாய்ப்புள்ளவர்கள் பேசிக்கொண்டே இருக்கிறார்கள். மற்றவர்களிடம் நாம்தான் போக வேண்டும். இறுதியாக, அவர்கள் சொன்னதை நம் செந்தமிழில் திருத்தி எழுதக் கூடாது. இருபதாண்டுகளாக மாணவர் நடையைத் திருத்திவரும் நான் இதைச் சொல்வது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். ‘அன்னார் காலணியின்றி நடந்து சென்றனர்’ என்று எழுதினால் ஓலை மட்டை கட்டிய கால் அதில் இல்லாமற் போய்விடும்.

‘நின்றுபோன ரயிலால் இன்றைக்கு என்ன பயன்?’ என்று ஊர்ப் பெரியவர் ஒருவர் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்விதான். திருச்செந்தூருக்குத் தெற்கே கடற்கரை வழியாகக் கன்னியாகுமரிக்கு ரயில் வேண்டும் என்று ஆண்டுக்கணக்கில் கோரிக்கை வைக்கும் நாம், அவ்வழியின் ஒரு பகுதியில் முன்னமே ரயில் ஓடிற்று என்பதை விண்ணப்பத்தில் ஒரு வரியாகவேனும் சேர்க்கலாமே என்றேன். அவர் அதை விரும்பினார். ஆனால் எனக்கு அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. அந்நிலம் வேகமாக மாறிவருகிறது. கல்லாமொழியில் அனல்மின் நிலையம் எழுந்திருக்கிறது. குலசேகரன்பட்டினத்தில் 2024 பிப்ரவரி 28 அன்று ராக்கெட் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. அதற்கென எடுக்கப்பட்ட நிலம் இரண்டாயிரம் ஏக்கருக்கு மேல். உடன்குடிக் கருப்பட்டி 2023இல் புவிசார் குறியீடு பெற்றது. அதைக் காய்ச்சுவோர் தொகையோ குறைந்துகொண்டே வருகிறது. புதியன வருவதை நான் குறை கூறவில்லை. என் மாணவருள் பலர் அங்கே வேலை கிடைக்கும் என்று காத்திருக்கின்றனர். ஆனால் நூறாண்டுகளுக்கு முன் அதே மணலில் ஒரு பெருந்தொழில் வந்தது. சிலருக்கு மணந்தது, சிலருக்குக் கழிவு போக மிஞ்சியது. பின்பு ஒருநாள் போயிற்று. அது எப்படி வந்தது, யாருக்கு என்ன தந்தது, போனபோது யார் கையில் எது எஞ்சிற்று என்பதை அவ்வூர்ப் பிள்ளைகள் தெரிந்துகொண்டு வேலைக்குப் போவது நல்லதல்லவா?

பாட்டியாரிடம் மறுபடி சென்ற மார்கழியில் போனோம். ரயில் போன இடத்தைக் காட்டுவதாகச் சொல்லியிருந்தார். ஊருக்கு மேற்கே, பனங்காட்டின் ஓரத்தில், மணலைவிடச் சற்றே உயர்ந்து நீண்டு கிடக்கும் ஒரு மேட்டைப் பேரன் எனக்குக் காட்டினார். அதுதான் பாதை போன தடம் என்று பாட்டியார் சொன்னாராம். இருக்கலாம்; காற்று குவித்த மணலாகவும் இருக்கலாம். சற்று நேரம் அதன் மேல் நடந்துவிட்டுத் திரும்பினோம். ஒலிப்பதிவு செய்யலாமா என்று கேட்டபோது பாட்டியார் மறுத்துவிட்டார். ‘இப்ப வேண்டாம். மாசி பொறக்கட்டும், விடிலியில அடுப்பு எரியட்டும். பதநீர் கொதிக்கிற மணம் வந்தாத்தான் எங்கம்ம சொன்னதெல்லாம் எனக்கு வரும்’ என்றார். மாணவர் இருநூறு பக்க நோட்டு ஒன்று வாங்கி வைத்திருக்கிறார்.